காரின் ஏசி குளிரவில்லையா? கேஸ் போடச் சொல்வதற்கு முன் பார்க்க வேண்டியவை

பங்குனி பிறந்துவிட்டால் எங்கள் உறவில் யாராவது ஒருவர் ‘ஏசியில் கூலிங் இல்லை, கேஸ் போட்டுவிடட்டுமா?’ என்று என்னைக் கேட்பது வழக்கமாகிவிட்டது. நான் மெக்கானிக் அல்லன். என் காருக்கு அடுத்தடுத்த இரண்டு கோடைகளில் கேஸ் போட்டுப் பணத்தை இழந்து, மூன்றாம் கோடையில்தான் உண்மையான பழுதைக் கண்டுகொண்டவன். அதன் பிறகு சென்னையிலும் செங்கல்பட்டிலுமாக உறவினர் கார்கள் பலவற்றின் ஏசியைப் பார்க்க நேர்ந்ததில் தெரிந்துகொண்டவற்றையே இங்கே அறிகுறி வாரியாக எழுதுகிறேன். எந்த அறிகுறியானாலும், செலவில்லாத காரணத்தை முதலிலும் செலவு மிகுந்ததைக் கடைசியிலும் வைத்திருக்கிறேன்.

தொடங்கும் முன் ஒன்றை மட்டும் மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். ஏசி கேஸ் பெட்ரோலைப் போல எரிந்து தீர்வதன்று. ரப்பர் குழாய்கள் வழியே பல ஆண்டுகளில் சிறிது குறையலாம். ஓராண்டுக்குள் குறைந்துவிட்டால் எங்கோ கசிகிறது என்பதே பொருள். ஆகவே ஒர்க்‌ஷாப்பில் வண்டியை விடும்போது ‘கேஸ் போடுங்கள்’ என்று சொல்லாமல், எப்போது குளிர்கிறது, எப்போது குளிரவில்லை என்பதைச் சொல்லுங்கள். நாம் கேஸ் கேட்டால் கேஸ்தான் கிடைக்கும்.

முதலில் அளந்து பாருங்கள்

‘குளிர் போதவில்லை’ என்பது ஆளுக்கு ஆள் மாறும், அளவுமானி மாறாது. சமையலுக்குப் பயன்படும் கம்பி முனை கொண்ட டிஜிட்டல் வெப்பமானி ஒன்று போதும். காரை நிழலில் நிறுத்தி, கதவுகளையும் கண்ணாடிகளையும் மூடி, வெப்பத் திருகை முழுக் குளிரிலும் புளோயரை நடு வேகத்திலும் வைத்து, வெளிக்காற்றை அடைத்து உள்காற்றையே சுற்றவிடும் பொத்தானை அழுத்தி, எஞ்சினை நிமிடத்துக்கு ஏறத்தாழ 1500 சுற்று வேகத்தில் பத்து நிமிடம் ஓடவிட்டு, நடு வென்ட்டுக்குள் வெப்பமானியின் முனையைச் செருகிப் பாருங்கள். மூடிய ஷெட்டுக்குள் இதைச் செய்யக் கூடாது. புகை உயிரைக் குடிக்கும். வெளியே 35 டிகிரி இருக்கும்போது வென்ட்டில் 8 முதல் 12 டிகிரிக்குள் காட்டினால் ஏசியில் பெரிய குறை எதுவும் இல்லை. 15 டிகிரியைத் தாண்டினால் கீழே உள்ளவற்றைப் பார்க்கத் தொடங்கலாம்.

கத்திரி வெயிலில் நான்கு மணி நேரம் நின்ற கார் முதல் பத்து நிமிடம் குளிராமல் இருப்பது பழுதன்று. கண்ணாடிகளை இறக்கிச் சிறிது தூரம் ஓட்டி, உள்ளே வெந்து கிடக்கும் காற்றை வெளியேற்றிய பிறகு ஏசியைப் போட்டால் பாதிக் குறை அங்கேயே தீர்ந்துவிடுகிறது. உள்காற்றுப் பொத்தானை மறந்தவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். அவர்களில் ஒருவர் கேஸ் போட்டுவிட்டு வந்தவர்.

அறிகுறி: ஓடும்போது குளிர்கிறது, சிக்னலில் நின்றால் குளிர் போய்விடுகிறது

என்னிடம் வந்தவற்றில் இதுவே மிகுதி. இங்கே கேஸைச் சந்தேகிப்பதற்கு முன், முன்பக்கக் கிரில்லுக்குப் பின்னால் இருந்து ஏசியின் சூட்டை வெளியேற்றும் கண்டென்சரையும் அதைக் குளிர்விக்கும் விசிறியையும் பார்க்க வேண்டும். வண்டி ஓடும்போது எதிர்காற்று செய்யும் வேலையை, வண்டி நின்றதும் விசிறி செய்ய வேண்டும்; அது செய்யவில்லை என்பதைத்தான் இந்த அறிகுறி சொல்கிறது.

*விசிறி சுற்றுகிறதா?* பானெட்டைத் திறந்து வைத்து, வேறொருவரை ஏசியைப் போடச் சொல்லுங்கள். பெரும்பாலான சிறிய கார்களில் ஏசி போட்ட சிறிது நேரத்துக்குள் விசிறி சுற்றத் தொடங்க வேண்டும். கையை விசிறிக்கு அருகே கொண்டுபோகாதீர்கள். எஞ்சின் நின்ற பிறகும் அது தானாகச் சுற்றக்கூடும். விசிறி சுற்றவே இல்லையென்றால் முதலில் ஃபியூஸ், அடுத்து விசிறிக்கு மின்சாரத்தைத் திறந்து மூடும் ரிலே. ஃபியூஸ் பெட்டி மூடியின் உட்புறம் எது எங்கே என்ற படம் இருக்கும். அதே எண் பொறித்த வேறொரு ரிலே, பெரும்பாலும் ஹாரனுடையது, அப்பெட்டியிலேயே இருந்தால் எஞ்சினை அணைத்துவிட்டு இரண்டையும் இடம் மாற்றிப் பாருங்கள். மாற்றியதும் விசிறி சுற்றினால் சில நூறு ரூபாயில் பழுது முடிந்தது. புதிய ஃபியூஸ் மறுபடியும் எரிந்துபோனால், அதைவிடப் பெரிய ஃபியூஸைப் போடாமல் எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள். மோட்டார் இறுகிப்போயிருக்கலாம், வயர் எங்காவது உராய்ந்திருக்கலாம்.

விசிறி சுற்றுகிறது, ஆனால் சோம்பலாகச் சுற்றுகிறது என்றால் மோட்டாரின் பிரஷ் தேய்ந்திருக்கக்கூடும். இரண்டு வேகம் கொண்ட விசிறிகளில் குறைந்த வேகத்துக்குரிய ரெசிஸ்டர் எரிந்துவிட்டால், எஞ்சின் நன்றாகச் சூடாகும் வரை விசிறி சுற்றாது. பிறகு முழு வேகத்தில் சீறிக்கொண்டு சுற்றும். இதையும் எலக்ட்ரீஷியனே பார்த்துவிடலாம், ஏசிக் கடை தேவையில்லை.

*விசிறி நன்றாகச் சுற்றுகிறது என்றால்,* தண்ணீர்ச் சோதனையைச் செய்யுங்கள். நிற்கும் வண்டியில் ஏசி ஓடிக்கொண்டிருக்கும்போது, வெப்பமானியை வென்ட்டில் வைத்துவிட்டு, கிரில் வழியாகக் கண்டென்சரின் மீது பூவாளியால் தூவுவது போலத் தண்ணீரைத் தெளியுங்கள். ஓரிரு நிமிடத்தில் வென்ட்டின் வெப்பம் நான்கைந்து டிகிரி இறங்கினால், கண்டென்சர் தன் சூட்டை வெளியேற்ற முடியாமல் திணறுகிறது என்பது உறுதியாகிறது. பெரும்பாலும் அதற்குக் காரணம் அழுக்கு. புழுதி, செத்த பூச்சிகள், வேப்பம்பூ, சாலையோரப் பஞ்சு எல்லாம் கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடையே உள்ள சந்தில் மெத்தை போலப் படிந்துவிடுகின்றன. முன்னாலிருந்து பார்த்தால் சுத்தமாகத் தெரிகிற கண்டென்சரின் முதுகில்தான் அந்த மெத்தை இருக்கும். எஞ்சின் முற்றிலும் ஆறிய பிறகு, தோட்டக் குழாயின் மெல்லிய அழுத்தத்தில் கழுவுங்கள். வாட்டர் சர்வீஸ் கடையின் துப்பாக்கியை அருகில் வைத்து அடித்தால் தகட்டு இதழ்கள் மடங்கி, இருந்த காற்றோட்டமும் போய்விடும். கிழக்குக் கடற்கரைச் சாலையோரத்திலும் தூத்துக்குடியிலும் ஓடும் வண்டிகளில் உப்புக் காற்று பட்டு இந்த இதழ்கள் பொடிப்பொடியாக உதிர்வதைக் காணலாம். விரல் பட்டாலே உதிரும் கண்டென்சரைக் கழுவுவதால் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும்.

முன்பம்பரில் அடிபட்டுப் பழுது பார்த்த வண்டியா? அப்படியானால் கண்டென்சரைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் தடுப்புகளும் ரப்பர் பட்டைகளும் திரும்பப் பொருத்தப்பட்டுள்ளனவா என்று பாருங்கள். அவை இல்லாவிட்டால், ரேடியேட்டரிலிருந்து வெளியேறிய சூடான காற்று வண்டி நிற்கும்போது பக்கவாட்டில் திரும்பி வந்து கண்டென்சருக்குள்ளேயே புகும். ஏசியின் பாகங்கள் அனைத்தையும் மாற்றியும் தீராத ஒரு வண்டியின் குறை இந்தத் தடுப்புகளைப் போட்டதும் தீர்ந்தது.

இவை எல்லாம் சரியாக இருந்தும் நின்றால் குளிரவில்லை என்றால்தான் அழுத்தமானி வைத்துப் பார்க்கும் ஏசி மெக்கானிக்கிடம் போக வேண்டும். அங்கே பெரும்பாலும் மிஞ்சியிருக்கும் காரணங்கள் இரண்டு: அளவுக்கு மீறிப் போட்ட கேஸ், அல்லது அந்தக் கேஸை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரஸரின் தேய்மானம். முதலாவது நாம் நினைப்பதைவிட அதிகம். சிறிய கார்கள் பலவற்றுக்கு 350 முதல் 500 கிராம் வரைதான் கேஸ் தேவை. சந்தையில் கிடைக்கும் சிறிய டின்னில் 450 கிராம் இருக்கிறது. 380 கிராம் கேட்கும் வண்டியில் ‘டின்னில் எதற்கு மிச்சம்’ என்று முழுவதையும் ஏற்றிவிட்டால், குளிர் அதிகரிக்காது, குறையும்.

அறிகுறி: வரும் காற்று குளிராகத்தான் இருக்கிறது, ஆனால் போதுமான காற்று வரவில்லை

காருக்குள் வரும் காற்றை வடிகட்டும் கேபின் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். பெரும்பாலான கார்களில் அது குளோவ் பாக்ஸுக்குப் பின்னால், கருவி எதுவும் இல்லாமல் எடுக்கும்படி இருக்கிறது. அதைக் கழற்றி வைத்துவிட்டு ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்த்தால் காற்று கூடுகிறதா என்று தெரிந்துவிடும். கூடினால் புதியதைப் போடுங்கள்; சில நூறு ரூபாய்தான். காகித ஃபில்டரைத் தட்டித் தட்டி ஐந்தாண்டு ஓட்டுவது சிக்கனமன்று. சில பழைய சிறிய கார்களில் ஃபில்டருக்கான இடம் மட்டும் இருக்கும், ஃபில்டர் இருக்காது; அவற்றில் தூசி நேரே, காற்றைக் குளிர்விக்கும் கூலிங் காயிலில் போய்ப் படியும், அதைக் கழுவ மெக்கானிக் வேண்டும்.

புளோயர் கடைசி வேகத்தில் மட்டும் சுற்றுகிறது, மற்ற வேகங்களில் இல்லை என்றால், கைத்திருகு கொண்ட வண்டிகளில் பெரும்பாலும் புளோயர் ரெசிஸ்டர்தான் காரணம். மலிவான பாகம், மோட்டாரையே மாற்ற வேண்டும் என்று யாராவது சொன்னால் இன்னொருவரிடமும் காட்டுங்கள்.

அறிகுறி: அரை மணி நேரம் நன்றாகக் குளிர்ந்துவிட்டுப் பிறகு காற்றே நின்றுவிடுகிறது

திண்டிவனம் தாண்டும் வரை குளிராக இருந்த வண்டியில் விழுப்புரத்துக்கு முன் காற்று மெலிந்து, புளோயரின் சத்தம் மட்டும் கேட்கும். ஏசியை அணைத்து, புளோயரை மட்டும் ஓடவிட்டுப் பதினைந்து நிமிடம் கழித்து மறுபடியும் போட்டால் முன்போலவே குளிர்ந்தால், கூலிங் காயிலின் மேல் பனிக்கட்டி உறைந்து காற்றின் வழியை அடைக்கிறது. அடைத்த ஃபில்டரே இதற்கும் முதல் காரணமாக இருக்கலாம். அதுவன்று எனில் காயிலின் குளிரை உணர்ந்து கம்ப்ரஸரை நிறுத்த வேண்டிய சென்சார், அதற்கடுத்து, காயிலுக்குள் போகும் கேஸின் அளவைக் கட்டுப்படுத்தும் எக்ஸ்பான்ஷன் வால்வு. சென்சாரைப் பல வண்டிகளில் டேஷ்போர்டைக் கழற்றாமலேயே மாற்றலாம் என்பதால் அதை முதலில் மாற்றச் சொல்லுங்கள்.

அறிகுறி: காற்று பலமாக வருகிறது, குளிரே இல்லை

எஞ்சின் ஓடும்போது ஏசிப் பொத்தானை அழுத்திவிட்டுக் கம்ப்ரஸரைக் கவனியுங்கள். ‘டக்’ என்ற ஒலியுடன், அதன் புல்லியின் (பெல்ட் ஓடும் சக்கரத்தின்) முகத்தில் இருக்கும் தட்டு புல்லியோடு சேர்ந்து சுற்றத் தொடங்க வேண்டும். இந்தத் தட்டுதான் கிளட்ச். புதிய கார்கள் சிலவற்றில் அது இல்லாத கம்ப்ரஸர் இருப்பதால் இச்சோதனை அங்கே செல்லாது. ஹைபிரிட், மின்சாரக் கார்களில் ஆரஞ்சு நிற வயர் எதையும் தொடவே வேண்டாம். நேரே நிறுவனத்தின் சர்வீஸ் மையத்துக்குப் போய்விடுங்கள்.

*தட்டு சுற்றவில்லை என்றால்:* ஃபியூஸும் ரிலேயும் மேலே சொன்னபடி. ரேடியேட்டரின் சேமிப்புக் குடுவையில் கூலன்ட் அளவையும் பாருங்கள். எஞ்சின் அளவு மீறிச் சூடானால் வண்டியே ஏசியை நிறுத்திவிடும். சூடான எஞ்சினில் ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். கேஸ் பெரும்பகுதி வெளியேறியிருந்தாலும் பிரஷர் சுவிட்ச் கம்ப்ரஸரைச் சேர விடாது. அப்போது கசிவைப் பற்றிய அடுத்த பகுதிக்குப் போங்கள்.

காலையில் சேர்கிறது, அரை மணி நேரம் ஓடியதும் விட்டுவிடுகிறது, ஆறினால் மறுபடியும் சேர்கிறது என்றால், ஒரு குறிப்பிட்ட பழுதை மெக்கானிக்கிடம் நீங்களே கேளுங்கள். கிளட்ச் தட்டு தேயத் தேய அதற்கும் புல்லிக்கும் இடையே உள்ள இடைவெளி கூடுகிறது. தட்டைக் காந்தம் போல இழுக்கும் கிளட்ச் காயில் சூடானால், அதனால் அவ்வளவு தூரம் இழுக்க முடிவதில்லை. அரை மில்லிமீட்டரை ஒட்டி இருக்க வேண்டிய இடைவெளி ஒரு மில்லிமீட்டர் ஆகியிருந்தால், உள்ளே இருக்கும் மெல்லிய வாஷர் ஒன்றை எடுத்துவிட்டால் போதும். இதே அறிகுறிக்கு முழுக் கம்ப்ரஸரையும் மாற்றியவர்கள் உண்டு.

*தட்டு சுற்றுகிறது, ஆனாலும் குளிரவில்லை என்றால்:* எஞ்சினுக்கும் டேஷ்போர்டுக்கும் இடையே உள்ள சுவருக்குள் இரண்டு அலுமினியக் குழாய்கள் நுழைவதைப் பாருங்கள். பெல்ட்டுக்கும் விசிறிக்கும் தள்ளி நின்று, தடித்த குழாயை மட்டும் தொடுங்கள்; மற்ற குழாய்கள் சுடக்கூடும். அது சில்லென்று வியர்த்திருந்தால் ஏசி தன் வேலையைச் செய்கிறது, குறை டேஷ்போர்டுக்குள் இருக்கிறது. சூடான காற்றைக் கலக்கும் தட்டியோ அதன் மோட்டாரோ சிக்கியிருக்கலாம். பழைய வண்டிகளில் ஹீட்டர் கேபிள் நழுவி, கொதிநீர் ஹீட்டருக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். கேபிளை இழுத்து மாட்டினால் சரியாகிவிடுகிற இந்தக் குறைக்கு எத்தனை கேஸ் போட்டாலும் பயன் இருக்காது. தடித்த குழாய் குளிரவில்லை, அல்லது கிளட்ச் சில நொடிகளுக்கு ஒருமுறை சேர்ந்து சேர்ந்து விடுகிறது என்றால், கேஸ் குறைந்திருக்க வாய்ப்பு மிகுதி; இனி மெக்கானிக்கின் வேலை.

அவர் அழுத்தமானியை மாட்டும்போது அருகில் நில்லுங்கள். ஆர் 134ஏ என்ற வகைக் கேஸ் கொண்ட வண்டியில், 35 டிகிரி வெயிலில், குறைந்த அழுத்தப் பக்கத்துக்கான நீல மானி ஏறத்தாழ 25 முதல் 45 பி.எஸ்.ஐ. (அழுத்த அலகு) வரையும் உயர் அழுத்தப் பக்கத்துக்கான சிவப்பு மானி 180 முதல் 260 வரையும் காட்டுவது இயல்பு. இரண்டும் குறைவு என்றால் கேஸ் குறைவு. இரண்டும் அதிகம் என்றால் கேஸ் மிகுதி அல்லது கண்டென்சர் அடைப்பு. நீலம் ஏறியும் சிவப்பு இறங்கியும் இருந்தால் கம்ப்ரஸர் அழுத்தவில்லை. நீலம் பூச்சியத்தை ஒட்டிக் கிடந்தால் எக்ஸ்பான்ஷன் வால்விலோ, கேஸின் ஈரத்தை உறிஞ்சும் டிரையரிலோ அடைப்பு. எஞ்சினை அணைத்த நிலையில் மானியைப் பார்த்து ‘பிரஷர் இருக்கிறது, கேஸ் போதும்’ என்று சொல்வதை ஏற்காதீர்கள். உள்ளே திரவமாகச் சிறிதளவு மிச்சம் இருந்தாலும் நின்ற நிலையில் முள் 30 டிகிரியில் 95 பி.எஸ்.ஐ.யைத் தாண்டிவிடும்.

அறிகுறி: ஒவ்வொரு கோடையிலும் கேஸ் போட வேண்டியிருக்கிறது

என் காரின் கதை இதுதான். முதல் கோடையில் கேஸ் போட்டேன். மார்கழியோடு ஏசியின் குளிர் குறைந்தது. மறு கோடையிலும் அதே கடையில் போட்டேன். மூன்றாவது முறை வேறொரு மெக்கானிக், கேஸ் ஏற்றும் வாயில்களின் மூடிகளைத் திறந்து, சோப்பு நுரையை ஒரு சொட்டு வைத்தார். ஒரு வாயிலில் சிறு குமிழி மெல்ல ஊதிப் பெருத்தது. டயர் டியூபின் வால்வுக்குள் இருப்பது போன்ற ஒரு பின். அதன் விலை நான் அதுவரை கொடுத்த கேஸ் காசில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

எனவே மலிவான இடங்களிலிருந்து தேடச் சொல்லுங்கள்: வாயில் பின்கள், குழாய் மூட்டுகளின் ரப்பர் வளையங்களான ஓ-ரிங்குகள், கம்ப்ரஸரின் முன் சீல், கண்டென்சர், கடைசியாகக் கூலிங் காயில். கேஸோடு சிறிது எண்ணெயும் கசிவதால், கசியும் இடத்தில் புழுதி ஒட்டிக் கறுத்த ஈரத் திட்டாகத் தெரியும். பகலில் டார்ச் அடித்து நீங்களே அதைத் தேடலாம். ஆனால் மூட்டு எதையும் தளர்த்தாதீர்கள், பீறிடும் கேஸ் தோலையும் கண்ணையும் உறைய வைத்துவிடும். கண்ணுக்குத் தெரியாத கசிவுக்கு நைட்ரஜன் அழுத்தச் சோதனை கேளுங்கள். நிறச்சாயம் ஏற்றி நீல விளக்கில் பார்ப்பது இன்னொரு முறை, அதற்குச் சில நாள் ஓட்டிவிட்டு மறுபடியும் வர வேண்டும்.

கசிவை அடைத்த பிறகு கேஸ் போடும் முறையில் மூன்றை வலியுறுத்துங்கள். குழாய்களுக்குள் இருக்கும் காற்றை உறிஞ்சி எடுக்கும் வேக்குவம் பம்ப் குறைந்தது அரை மணி நேரம் ஓட வேண்டும். பம்பை நிறுத்திய பின் பத்து நிமிடமாவது முள் அசையாமல் நிற்க வேண்டும். கேஸை எடை போட்டு ஏற்ற வேண்டும். எத்தனை கிராம், எந்த வகை என்பது பானெட்டின் உட்புறச் சீட்டில் அச்சிடப்பட்டிருக்கும். கேஸ் முழுவதும் வெளியேறித் திறந்து கிடந்த வண்டியென்றால் டிரையரையும் மாற்ற வேண்டும். ஆர் 134ஏ கொண்ட சிறிய காருக்கு வேக்குவத்தோடு கேஸ் போட எங்கள் பக்கம் ஏறத்தாழ 1,500 முதல் 2,500 ரூபாய் வரை வாங்குகிறார்கள். சீட்டில் ஆர் 1234ஒய்எஃப் என்ற வேறு வகைக் கேஸ் குறிப்பிடப்பட்டிருந்தால் கேஸின் விலையே பல மடங்கு. அதற்குப் பதிலாக மலிவான வேறு கேஸைப் போட்டுத் தருகிறேன் என்பவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். சமையல் கேஸ் கலந்த கலவைகள் ‘நன்றாகக் குளிரும்’ என்று சொல்லப்படுவதுண்டு. குளிரும்தான், கசிந்தால் தீப்பற்றும். கசிவை அடைக்கும் பசை மருந்தும் வேண்டாம்: அது வால்வையும் அடைக்கும்.

கூலிங் காயிலில்தான் கசிவு என்றால், பாகத்தின் விலையைவிட டேஷ்போர்டைக் கழற்றி மாட்டும் கூலியே கவனிக்க வேண்டியது. கழற்றிய டேஷ்போர்டைத் திரும்பச் சத்தமில்லாமல் மாட்டத் தெரிந்தவர் யார் என்று விசாரித்துவிட்டு, எக்ஸ்பான்ஷன் வால்வையும் அப்போதே மாற்றிக்கொள்ளுங்கள். இரண்டாம் முறை கழற்றும் கூலி மிச்சம்.

அறிகுறி: வாடை, கால் விரிப்பில் ஈரம்

இரண்டுக்கும் பெரும்பாலும் காயிலிலிருந்து தண்ணீர் வடியும் சிறு குழாயின் அடைப்பே காரணம். ஏசி ஓடும்போது வண்டிக்கு அடியில் தண்ணீர் சொட்டவில்லை என்றால் அக்குழாயைச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். வீட்டை அடையும் முன் கடைசிச் சில நிமிடம் ஏசியை அணைத்துப் புளோயரை மட்டும் ஓடவிட்டால் காயில் உலர்ந்து வாடை குறையும். ஈரம் வழவழப்பாகவும் இனிப்பு வாடையோடும் இருந்தால் அது கூலன்ட். ஹீட்டர் கசிகிறது, தள்ளிப்போட வேண்டாம்.

அறிகுறி: சத்தம் வருகிறது, ‘கம்ப்ரஸர் போய்விட்டது’ என்கிறார்கள்

ஏசியை அணைத்தாலும் கரகரப்புத் தொடர்கிறதா என்று கேளுங்கள். தொடர்ந்தால் புல்லியின் பேரிங்காக இருக்கலாம். அதைத் தனியே மாற்ற முடியும். ஏசி போட்ட நொடியில் கீச்சிட்டால் பெல்ட் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ஏசி போட்டால் மட்டும் உள்ளிருந்து இரைகிறது, மானியும் அழுத்தக் குறைவைக் காட்டுகிறது என்றால்தான் கம்ப்ரஸர் பேச்சு நியாயமாகிறது. அப்போதும் பேரிங், கிளட்ச் காயில், முன் சீல் ஆகியவற்றைத் தனித்தனியே மாற்றித் தரும் கடைகள் இருக்கின்றன. புதிய கம்ப்ரஸர் பெரும்பாலும் பத்தாயிரத்தைத் தாண்டும்.

சென்னையில் புதிய பாகங்களின் விலையை ஜி.பி. ரோட்டுக் கடைகளில் கேட்டுவிட்டுப் பேசலாம்; பழைய கம்ப்ரஸருக்குப் புதுப்பேட்டை. பழையதை வாங்கினால், குழாய் வாய்கள் மூடியிடப்பட்டிருக்க வேண்டும். கையால் தட்டைச் சுற்றினால் தடங்கலின்றி, ஆனால் சற்று எதிர்ப்போடு சுற்ற வேண்டும். உள்ளிருந்து ஒரு சொட்டு எண்ணெயை வெள்ளைத் தாளில் விட்டால் கருமையோ உலோகத் துகளோ தெரியக் கூடாது. உங்கள் பழைய கம்ப்ரஸரின் எண்ணெயில் துகள் இருந்தால், அது குழாய்கள் முழுதும் பரவிவிட்டது என்று பொருள். நுண்குழாய்க் கண்டென்சரைக் கழுவி அதை முழுவதும் எடுக்க முடியாது. கண்டென்சரையும் டிரையரையும் சேர்த்து மாற்றாமல் போட்ட கம்ப்ரஸர், புதியதே ஆனாலும் சில மாதங்களில் அதே வழியில் போகும். இந்தச் செலவுக்குக் கை வராவிட்டால் வேலையை அடுத்த மாதத்துக்குத் தள்ளுங்கள், பாதி வேலையாகச் செய்யாதீர்கள்.

வேலை முடிந்ததும், கழற்றிய பாகங்களையும், எத்தனை கிராம் கேஸ், என்ன எண்ணெய் என்று எழுதிய ரசீதையும் கேட்டு வாங்கி, பணம் கொடுப்பதற்கு முன் கடை வாசலிலேயே வெப்பமானியை நடு வென்ட்டில் செருகிப் பத்து நிமிடம் காத்திருங்கள்.